ஆணிக் கதவு

இதில் கக்கூஸ் என்ற சொல் பல இடங்களில் வரும். நான் பிரெயிலில் குத்தி வைத்ததை விரலால் தடவிப் படித்துச் சொல்ல, என் மகள் செல்வி பேனாவால் எழுதுகிறாள். முதல் பக்கத்திலேயே அந்தச் சொல்லைக் கழிவறை என்று மாற்றிவிட்டாள். திருப்பி வாசிக்கச் சொன்னபோது பிடித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் நாங்கள் எல்லாரும் கக்கூஸ் என்றுதான் சொன்னோம், நான் சண்டை போட்டதும் அதற்காகத்தான், அப்படியே இருக்கட்டும் என்றேன். முகம் சுளிக்கிறவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம்.

கண்ணில் அழுத்தம் என்று சீட்டு எழுதிக் கொடுத்ததும் பயந்துபோய் என்னைத் தேடி வருகிற பெண்கள் இருக்கிறார்கள். என்ன செய்வார்கள், வலிக்குமா, பார்வை திரும்புமா என்று கேட்பார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். எந்த ஆஸ்பத்திரி என்று பெயர் போடவில்லை. அங்கே எனக்கு நல்லது செய்தவர்களும் இருந்தார்கள்.

என் பெயர் அஞ்சலாட்சி. பாண்டிச்சேரி மூலக்குளத்தில் வீடு. மில்லில் ரீலிங் பகுதியில் வேலை பார்த்தேன். பாபினில் இருக்கிற நூலைச் சுற்றிச் சிட்டமாக எடுப்பது, நடுவில் அறுந்தால் முடிச்சுப் போடுவது, அவ்வளவுதான் வேலை. எடுத்த சிட்டம் யாருடையது என்று தெரிய ஒவ்வொருத்தியும் தனக்கென்று ஒரு முடிச்சுப் போட்டு வைப்போம். கரண்டு போன நேரத்தில்கூடக் குவியலில் கையை விட்டு என் சிட்டத்தை எடுத்துவிடுவேன். வீட்டுக்காரர் முருகையன் அதே மில்லில் பிட்டர். அதிகம் பேசாத மனுஷர், கைவேலைதான் பேசும்.

எழுபத்தொன்பதாம் வருஷம், ஐப்பசி மழையில், நானும் என் தங்கை சரோஜாவும் படம் பார்க்கப் போனோம். படம் முடிந்து வெளியே வந்தால் தெருவிளக்கைச் சுற்றி வானவில் மாதிரி வளையம் தெரிந்தது. மழை ஈரம் என்று நினைத்தேன். வீட்டுக்கு வருவதற்குள் வலது கண்ணுக்குப் பின்னால் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துகிற மாதிரி வலி. அப்புறம் வாந்தி. வாந்தி என்றதும் எல்லாரும் வயிற்றைத்தான் பார்த்தார்கள். பித்தம் என்று இஞ்சிச்சாறு கொடுத்தார்கள், மருந்துக்கடைக்காரர் வயிற்றுக்கு மாத்திரை கொடுத்தார். கண் கல் மாதிரி ஆகிவிட்டது என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது வலது கண்ணில் ஒன்றும் மிச்சமில்லை.

டாக்டர் சொன்னதை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். கண்ணுக்குள் எப்போதும் கொஞ்சம் நீர் சுரந்துகொண்டே இருக்கும், ஓரத்தில் இருக்கிற சன்னமான வடிகால் வழியாக வெளியேறிக்கொண்டும் இருக்கும். சிலருக்கு அந்த வடிகால் பிறவியிலேயே குறுகல். இருட்டில் கண்பாப்பா விரியும்போது அதன் ஓரம் மடிந்து வடிகாலை அடைத்துக்கொள்ளும். நீர் தேங்கும், அழுத்தம் ஏறும், பார்வை நரம்பு கருகிப்போகும். கருகிய நரம்பு திரும்பத் துளிர்க்காது. கொட்டகை இருட்டில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு நடந்தது அதுதான். இடது கண்ணிலும் அழுத்தம் சத்தமில்லாமல் ரொம்ப நாளாக ஏறிக்கொண்டிருந்ததாம். அதில் பனிமூட்டம்தான் மிச்சம். எதிரில் ஆள் வருவது தெரியும், யாரென்று தெரியாது.

அழுத்தம் அளப்பது பற்றித்தான் எல்லாரும் பயந்து கேட்கிறார்கள். மல்லாக்கப் படுக்க வைத்து, கண்ணை மரக்கடிக்கிற சொட்டு மருந்து விட்டு, சின்ன எடைக்கல் போன்ற ஒரு கருவியை நேராகக் கருவிழி மேல் நிறுத்துவார்கள். வலிக்காது. ஆனால் கண்ணின் மேல் ஒரு பொருள் வந்து உட்காருவதைப் பார்த்துக்கொண்டே படுத்திருக்க வேண்டும். முதல் தடவை நான் சரோஜாவின் கையைப் பிடித்த பிடியில் அவளுடைய வளையல் உடைந்தது.

அழுத்தத்தைக் குறைத்த பிறகுதான் இடது கண்ணில் ஆபரேஷன் என்றார்கள். அதுவரை வார்டில் படுக்கை. பாப்பாவைச் சுருக்க ஒரு சொட்டு மருந்து, நீரைக் குறைக்க ஒரு வெள்ளை மாத்திரை. இந்த மாத்திரைதான் என் கதையில் வில்லன். அது உடம்பில் இருக்கிற நீரையெல்லாம் பிழிந்து வெளியே தள்ளும், உட்கார்ந்து எழுவதற்குள் மறுபடியும் கக்கூஸுக்குப் போக வேண்டும். அதோடு விரல் நுனிகள் மரத்துப்போய் எறும்பு ஊருகிற மாதிரி இருக்கும். பார்வை போன பிறகு எனக்கு மிச்சம் இருந்த விரலிலும் அது கை வைத்தது.

வார்டிலிருந்து வெளியே வந்தால் நீளமான வராந்தா. பிரெஞ்சுக்காரன் காலத்துக் கட்டிடம். ஒரே உயரத்தில், ஒரே பச்சைப் பெயிண்டில் வரிசையாகத் தேக்குக் கதவுகள். ஒன்று நர்ஸ் அறை, ஒன்று புண் கழுவிக் கட்டுப் போடுகிற அறை, ஒன்று துணி வைக்கிற அறை, கடைசிக்கு முந்தினது பெண்கள் கக்கூஸ், கடைசியில் ஆண்கள் கக்கூஸ். ஒவ்வொரு கதவுக்கு மேலும் போர்டு இருந்ததாம். எனக்குக் கதவும் சுவரும் ஒன்றாகத்தான் தெரிந்தன.

சரோஜா கையைப் பிடித்துக் கூட்டிப்போவாள். அவளைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். தன் இரண்டு பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு எனக்காகத் தரையில் படுத்துக்கிடந்தவள். ஆனால் நானோ நாற்பது வயது தாண்டியவள், மில்லில் யூனியன் கூட்டத்தில் எழுந்து நின்று பேசியவள், ஒண்ணுக்கு வருகிற ஒவ்வொரு தடவையும் தங்கை எப்போது சாப்பிட்டு முடிப்பாள், எப்போது முழிப்பாள் என்று பார்த்துக்கொண்டு கிடந்தேன். அவள் களைத்துத் தூங்கும்போது எழுப்ப மனசு வராமல் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்திருக்கிறேன். தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன். மருந்து கொடுக்க வந்த நர்ஸ் அதைக் கண்டுபிடித்துத் திட்டினாள். பார்வை போனது விதியென்று சொல்லலாம், ஒண்ணுக்குப் போக இன்னொருத்தர் தயவில் கிடப்பது எந்த விதியில் எழுதியிருக்கிறது என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. கக்கூஸ் கதவு எது என்று தெரிந்துவிட்டால் போதும், நானே போய்விடுவேன்.

வீட்டுக்காரரிடம் கொஞ்சம் கழிவு நூல் கொண்டுவரச் சொன்னேன். அவர் ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வந்தபோது ஒரு கொத்து இருந்தது. சரோஜாவைக் கூட்டிக்கொண்டு வராந்தாவில் நடந்து, ஒவ்வொரு கதவுக் கைப்பிடியிலும் கனமாக முறுக்கிய நூல் கட்டினேன். நர்ஸ் அறைக்கு இரண்டு முடிச்சு, கட்டுப் போடுகிற அறைக்கு மூன்று, பெண்கள் கக்கூஸுக்கு ஒரே ஒரு பெரிய முடிச்சு. விரல் மரத்திருந்தாலும் உள்ளங்கைக்குத் தெரிகிற அளவு பெரியது. மறுநாள் காலையில் சரோஜா பல் விளக்கப் போயிருந்த நேரத்தில் நானே எழுந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு போய், முடிச்சைத் தடவி, உள்ளே போய், திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தேன். சரோஜா வந்ததும் சொன்னேன். அவள் அழுதாள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. நம் ஜனங்களைப் பற்றித் தெரிந்திருந்தும் நான் யோசிக்காமல் போய்விட்டேன். கண் தெரியாத ஒருத்தி தினமும் ஒரு கதவின் முன்னால் நின்று, அதில் கட்டிய நூலை இரண்டு கையாலும் தடவி, உதடு அசைய எதையோ முணுமுணுத்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? நான் முணுமுணுத்தது முடிச்சுக் கணக்கு. அவர்கள் வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டார்கள்.

வில்லியனூர்ப் பக்கத்து அம்மா ஒருத்தி மகளோடு வந்திருந்தாள். நெல் தூற்றும்போது உமி பட்டு அந்தப் பெண்ணின் கருவிழியில் புண். அந்த அம்மா என் முடிச்சுக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் கயிறு கட்டி வேண்டிக்கொண்டாள். பெண்ணுக்குக் கட்டு அவிழ்த்தார்கள், பார்வை நன்றாக இருந்தது. அவ்வளவுதான், வார்டு முழுக்கப் பரவிவிட்டது. முந்தானைக் கிழிசல், தலை ரிப்பன், செபமாலை நூல், எல்லாம் வந்து தொங்க ஆரம்பித்தன. குருசுக்குப்பத்திலிருந்து வந்த பெண்கள் மாதாவுக்கு வேண்டிக் கட்டினார்கள், மற்றவர்கள் அம்மனுக்கு. ஒரு கதவில் இடம் போதாமல் எல்லாக் கதவிலும் கட்டினார்கள். கக்கூஸ் கதவில் யாரோ குங்குமம் வைத்து எலுமிச்சம்பழமும் செருகியிருந்ததாகச் சரோஜா சொன்னாள்.

எனக்கு இது தெரியவந்த விதம்தான் மோசம். அவசரமாகப் போய்க் கைப்பிடியைப் பிடித்தால் கை நிறைய நூல். எது என் முடிச்சு, எது மற்றவர்களுடையது என்று தேட மாத்திரையும் விடவில்லை, வயிறும் விடவில்லை. இதுதான் என்று நினைத்து ஒரு கதவைத் தள்ளினேன். அது கட்டுப் போடுகிற அறை. வெந்நீரில் கொதிக்க வைத்து எடுத்த கருவிகளைத் தட்டில் அடுக்கி வைத்திருந்தார்கள். தட்டோடு நானும் விழுந்தேன். விழுந்த இடத்திலேயே புடவை நனைந்துவிட்டது. சுற்றிலும் ஆட்கள் நிற்பது தெரிந்தது, யாரென்று தெரியவில்லை. என் வாழ்நாளில் அதைவிட வெட்கப்பட்ட நிமிஷம் கிடையாது.

வார்டுக்குத் தலைமை நர்ஸ் ஒரு கன்னியாஸ்திரி. பாண்டிச்சேரியில் அவர்களை மாசேர் என்போம். கண்டிப்பான மனுஷி, குரலிலேயே கஞ்சி போட்டு இஸ்திரி போட்ட மாதிரி இருக்கும். ஆஸ்பத்திரிக் கதவைக் கோயில் மரமாக்கிவிட்டீர்களா என்று கேட்டு எல்லா நூலையும் கத்தரித்து எறியச் சொன்னார். என்னுடையதும் போயிற்று. விழுந்து தலையில் அடிபட்டால் ஆபரேஷனே நடக்காது, இனிமேல் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டர் உத்தரவு போட்டார். கட்டிலுக்கு அடியில் பெட்பேன் வந்தது. இரும்புத் தட்டு, சில்லென்று இருக்கும். வார்டு முழுக்க ஆள் இருக்கும்போது ஒரு பழைய போர்வையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு சரோஜா நிற்பாள்.

பெட்பேனில் இரண்டு நாள் இருந்ததும் முடிவு செய்துவிட்டேன். காலையில் பெரிய டாக்டர் வார்டைச் சுற்றிவர வந்தார். பின்னால் சின்ன டாக்டர்கள், நர்ஸ்கள், மாசேர். என் கட்டிலுக்கு வந்ததும் எழுந்து உட்கார்ந்தேன்.

"சார், கக்கூஸ் கதவு மேல போர்டு இருக்குதே, அதுல என்னா எழுதியிருக்கு?" என்றேன்.

பெண்கள் என்று எழுதியிருக்கிறது என்றார். தமிழில், இங்கிலீஷில், பழைய பிரெஞ்சும் அப்படியே இருக்கிறது என்று பொறுமையாகத்தான் சொன்னார்.

"மூணு பாஷையில எழுதியிருக்கீங்க. எனக்கு எதுலயும் இல்ல. கையில தடவிப் பாக்குற மாதிரி ஒரு போர்டு வெக்கக் கூடாதா?"

இது கண் ஆஸ்பத்திரி அம்மா, பார்வை வருவதற்காகத்தானே வந்திருக்கிறீர்கள், ஆபரேஷன் முடிந்ததும் நீங்களே போர்டைப் படிப்பீர்கள் என்றார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, குழந்தையைச் சமாதானப்படுத்துகிற சிரிப்பு. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

"இங்க வர்ற எல்லாரும் பார்வையோடதான் திரும்பிப் போறாங்களா சார்?"

கதவில் ஏதாவது மாற்றுவதானால் இலாகாவில் அனுமதி வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அவரைவிட எனக்குப் பெரிய எதிரி என் வீட்டு ஆட்கள்தான். ஒருவேளை பார்வை வராமல் போனால் என்று நான் ஆரம்பித்தாலே சரோஜா என் வாயைப் பொத்துவாள். "வாய வெக்காதக்கா, நல்லதே நெனை" என்பாள். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் திருநீறும் தீர்த்தமும் கொண்டுவந்தார்கள், கண்டிப்பாக வந்துவிடும் என்றார்கள். வராவிட்டால் நான் எப்படி நடப்பேன் என்று ஒருத்தராவது பேசவில்லை. அதைப் பேசுவதே அபசகுனம் என்று நினைத்தார்கள். பயம் எனக்கும் இருந்தது. போர்வைக்குள் முகத்தை மூடிக்கொண்டு இரண்டு கண்ணும் போய்விட்டதாக நினைத்துப் பார்ப்பேன். ஆனால் இருட்டில் கிடப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடிந்தது. இருட்டிலும் யார் கையையோ எதிர்பார்த்துக் கிடப்பதைத்தான் முடியவில்லை.

அழுத்தம் அளக்க என்னைத் தள்ளுவண்டியில் கொண்டுபோனபோது வெளி பெஞ்சில் ஒரு வாத்தியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அந்தோணி என்று பெயர், உப்பளம் பகுதியில் வீடு, பிறவியிலேயே பார்வை இல்லாதவர், பார்வையற்ற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர். கண்ணில் வலி என்று காட்ட வந்திருந்தார். நான் சரோஜாவிடம் முடிச்சுக் கதையைப் புலம்பிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டுத் தானே பேச்சுக் கொடுத்தார். என்னைவிடச் சின்ன வயசு, ஆனால் வாத்தியார் தோரணை விடவில்லை.

"உங்க முடிச்சு உங்களுக்குத்தாங்க புரியும். நாளைக்கு நான் அந்த வார்டுக்கு வந்தா எனக்கு அது வெறும் நூலுதான். எல்லாருக்கும் பொதுவா ஒரு எழுத்து இருக்குது" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னது சரிதான். என் முடிச்சு ஊருக்குப் புரிந்திருந்தால் யாரும் அதைச் சாமியாக்கியிருக்க மாட்டார்கள். பிரெயில் எழுத்து என்பது ஆறு புள்ளிகள்தான், இரண்டு வரிசையில் மூன்று மூன்று. அதில் எந்தப் புள்ளி மேடாக இருக்கிறது என்பதை வைத்து எழுத்து. பிரெயிலில் பெண்கள் என்பதற்கு முதலில் வருவது ப. இடது வரிசையில் மூன்றும், வலது வரிசையில் உச்சியில் ஒன்றும். என் உள்ளங்கையில் அவர் விரலால் குத்திக் காட்டினார். பையிலிருந்து புள்ளி குத்திய ஒரு கெட்டித்தாளையும் எடுத்துக் கொடுத்தார். தடவிப் பார்த்தால் மாத்திரை மரக்கடித்த விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை.

புள்ளியைப் பெரிதாக்கினால் என்ன என்று கேட்டேன். அப்படிச் செய்யக் கூடாது, விரல் நுனிக்குள் அடங்க வேண்டும், அதுதான் முறை என்றார். நான் விடவில்லை. இந்த வார்டில் எல்லாருக்கும் இந்த மாத்திரைதான், எல்லார் விரலும் மரத்துத்தான் கிடக்கிறது, முறைப்படி எழுதி யார் படிப்பது என்றேன். கொஞ்ச நேரம் வாதாடினோம். கடைசியில் சிரித்துவிட்டார். வரிசை மாறாமல் இருந்தால் சரி, பெருசாக இருந்தால் உள்ளங்கையால் படித்துக்கொள்வோம் என்று ஒத்துக்கொண்டார்.

வீட்டுக்காரர் வந்ததும் சொன்னேன். பித்தளைக் குமிழ் ஆணி, நாற்காலிக்கு அடிப்பார்களே, அது நாலு வேண்டும், ஒரு பலகையில் இப்படி இப்படி அடித்துக் கொண்டுவாருங்கள் என்று அவர் உள்ளங்கையில் குத்திக் காட்டினேன். அவர் கையை இழுத்துக்கொண்டார். எழுந்து போய்விட்டார். மறுநாளும் அதைப் பற்றிப் பேச்சில்லை. இவரும் அபசகுனம் பார்க்கிறார் என்று எனக்கு ஆத்திரம். கொண்டுவந்த சோற்றைத் தொடாமல் திருப்பி அனுப்பினேன்.

அடுத்த நாள் வந்து கட்டிலில் உட்கார்ந்தார். சட்டைப் பையில் ஆணி குலுங்குகிற சத்தம் கேட்டது.

"கொல்லையில பழைய கதவு ஒண்ணு கெடக்குதில்ல, அதுல அடிச்சிப் பாத்தேன் அஞ்சலா. கண்ணை மூடிக்கிட்டுத் தடவினேன். தெரியுது" என்றார்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு கொல்லையில் நின்று கதவைத் தடவுவதை நினைத்தேன். அவர் கையை எடுத்து என் கன்னத்தில் வைத்துக்கொண்டேன். வார்டில் எத்தனை பேர் பார்த்தார்களோ, பார்த்துவிட்டுப் போகட்டும்.

அடிப்பதற்கு யார் விடுவார்கள் என்பதுதான் அடுத்த கவலை. மாசேரிடம் நானே கேட்டேன். இலாகா அனுமதி இல்லாமல் முடியவே முடியாது என்றார். பெட்பேனை எடுத்துக்கொண்டு நகர்ந்தவர் திரும்பி வந்தார். இவ்வளவு பெரிய பதவியில் இருப்பவர் அதைத் தன் கையாலேயே எடுத்துப்போவார் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

"ஞாயித்துக்கெழமை காலையில நான் மாதா கோயில்ல பூசைக்குப் போயிடுவேன். அந்த நேரத்துல இங்க என்ன சத்தம் கேட்டாலும் எனக்குத் தெரியாது" என்றார். குரலில் கஞ்சி அப்படியேதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் மணி அடித்தபோது வீட்டுக்காரர் சுத்தியலோடு வந்தார். பலகை கொண்டுவரவில்லை. பலகை என்றால் கழற்றி எறிந்துவிடுவார்கள், தேக்கில் ஏறிய ஆணியை யார் பிடுங்குவது என்று கதவிலேயே அடித்துவிட்டார். கைப்பிடிக்கு மேலே, கை தானாகப் போகிற உயரத்தில், நாலு குமிழ். பக்கத்தில் ஆண்கள் கதவிலும் அந்தோணி வாத்தியார் சொன்னபடி ஆ என்ற எழுத்துக்கு மூன்று குமிழ் அடித்தார். அந்தக் கஷ்டம் ஆம்பிளைக்கும் இருக்குமில்லையா என்றார்.

மறுநாள் பெரிய டாக்டர் அதைப் பார்த்துவிட்டு யார் அடித்தது என்று கேட்டாராம். மாசேர் சொன்ன பதிலைச் சரோஜா வந்து சிரித்துக்கொண்டே சொன்னாள். "பழைய கதவு டாக்டர், ஆணி இருக்கத்தான் செய்யும்." அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. கேட்க விரும்பவில்லை என்றும் இருக்கலாம். அவரையும் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன்.

ஆபரேஷன் நடந்தது. கருவிழியின் ஓரத்தில் சின்னதாக ஒரு வாசல் திறந்து, தேங்கிய நீர் வெளியேற வழி பண்ணுவதுதான் அது. ஊசி போட்டு மரக்கடித்துவிடுவார்கள், பேச்சுச் சத்தமெல்லாம் கேட்டுக்கொண்டே இருக்கும். முடிந்ததும் கண் அசையக் கூடாது என்று இரண்டு கண்ணையும் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். தலையை ஆட்டாமல், இருமாமல், குனியாமல் மல்லாக்கக் கிடக்க வேண்டும். அதுவரை இருந்த பனிமூட்டமும் போய் முழு இருட்டு. அந்த நாட்களில் பெட்பேனை நான் மறுக்கவில்லை. டாக்டர் சொன்னபடி கிடந்தேன். முரட்டுப்பிடிவாதம் வேறு, முட்டாள்தனம் வேறு.

எழுந்து நடக்கலாம் என்று சொன்ன அன்று, மெதுவாக இறங்கினேன். வலது கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் போனேன். கதவு, சுவர், கதவு. கை ஒவ்வொன்றாகத் தேடியது. அப்புறம் உள்ளங்கையில் நாலு குமிழ், சில்லென்று. இடது வரிசை மூன்று, வலது உச்சியில் ஒன்று. திறந்து போனேன். வெளியே வந்தபோது பின்னால் மெட்டிச் சத்தம் கேட்டது. சரோஜா வழி நெடுகப் பின்னாலேயே வந்திருக்கிறாள், வாயைத் திறக்காமல், கையைக் கொடுக்காமல். அவள் எனக்குச் செய்ததிலேயே பெரிய உதவி அதுதான் என்று இன்றைக்கும் அவளிடம் சொல்வேன்.

கட்டு அவிழ்த்தார்கள். ஜன்னல் பக்கம் வெளிச்சம் தெரிந்தது. அவ்வளவுதான் தெரிந்தது. டாக்டர் விரலைக் காட்டினார், டார்ச்சைக் காட்டினார். அழுத்தம் குறைந்துவிட்டது, வலி இனி வராது, ஆனால் மிச்சமிருந்த நரம்பும் கருகிவிட்டது என்றார். நான் அழுதேன். கட்டிலில் குப்புற விழுந்து அழ முடியாது என்பதால் உட்கார்ந்தபடி, சத்தமாக, வார்டே கேட்க அழுதேன். செல்வியின் முகத்தை இனிமேல் பார்க்க மாட்டேன் என்பதுதான் மனசில் இருந்தது. அதை எழுதும்போது செல்வி பேனாவை வைத்துவிட்டாள். கொஞ்சம் பொறுத்துத்தான் மறுபடி எடுத்தாள்.

அழுது முடித்ததும் ஒண்ணுக்கு வந்தது. அழுகைக்கெல்லாம் அந்த மாத்திரை காத்திருக்காது. எல்லாரும் என்னைப் பிடிக்க ஓடிவந்தார்கள். விடுங்கள் என்று சொல்லிவிட்டு நானே எழுந்து போனேன், திரும்பி வந்தேன். அதற்குப் பிறகு யாரும் என்னிடம் பார்வை வந்துவிடும் என்று சொல்லவில்லை. அந்தோணி வாத்தியாரிடம் மிச்ச எழுத்துகளையும் படித்துக்கொண்டேன். மாத்திரையை நிறுத்திய பிறகு விரலும் திரும்பக் கிடைத்தது. சொட்டு மருந்து மட்டும் ஆயுசுக்கும் உண்டு.

இப்போதும் சோதனைக்கு அங்கே போகிறேன். நடுவில் கதவுகளுக்கு இரண்டு தடவை பெயிண்ட் அடித்துவிட்டார்கள். போர்டுகளும் மாறின. பிரெஞ்சு போய்விட்டதாம். பித்தளையின் மேல் பெயிண்ட் ஏறித் தடித்திருக்கிறதே தவிர, குமிழ்கள் அதே இடத்தில் இருக்கின்றன. இலாகா அனுமதி வந்ததா என்று எனக்குத் தெரியாது. மற்ற கதவுகளில் இதுவரை ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. அதைப் பற்றிப் பெரிய டாக்டரிடம் ஒவ்வொரு தடவையும் கேட்கிறேன். இப்போது இருப்பவர் மூன்றாவது ஆள். அவரும் என்னைத் தூரத்தில் பார்த்தாலே வேகமாக நடக்கிறார் என்று சரோஜா சொல்கிறாள்.

போன மாசம் வராந்தா பெஞ்சில் காத்திருந்தேன். புதிதாக வந்த பெண் ஒருத்தி, கிராமத்துப் பேச்சு, யாரிடமோ கக்கூஸ் எங்கே என்று கேட்டாள். மேலே எழுதியிருக்கிறதே, பார்த்துப் போ என்று ஒரு ஆம்பிளை குரல் சொன்னது. எனக்குப் படிக்கத் தெரியாதுங்களே என்றாள் அவள். அந்த வராந்தாவில் போர்டைப் படிக்க முடியாதவர்கள் கண் தெரியாத நாங்கள்தான் என்று அத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் எனக்குத் தெரியாத இன்னொரு பெண், வார்டில் படுத்திருப்பவளாக இருக்கும், முந்திக்கொண்டாள்.

"போர்டெல்லாம் பாக்காத. கைய வெச்சிப் பாரு. நாலு ஆணி இருந்தா நம்மளுது."